எண்ணெய்ப் போத்தல் கைக்கெட்டும் வீட்டில்: திருகோணமலைக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

நாங்கள் திருகோணமலைக்கு மாற்றலாகி வந்த நான்காம் மாதம், இரண்டரை வயதான என் மகள் யூகலிப்டஸ் எண்ணெயைக் குடித்துவிட்டாள். தடிமனுக்கு நெஞ்சில் பூசும்படி மாமி கொடுத்தனுப்பிய எண்ணெய் அது. பெரிய போத்தலிலிருந்து கொஞ்சத்தை, முடிந்துபோன விற்றமின் பாணிப் போத்தலில் ஊற்றிக் கட்டில் தலைமாட்டில் வைத்திருந்தேன். அதே போத்தலிலிருந்துதான் காலை தோறும் அவளுக்கு இனிப்புப் பாணி கொடுத்து வந்தேன் என்பதால், அவள் அதைத் தேடி எடுத்து வாயில் வைத்ததில் வியப்பில்லை. நான் கண்டபோது இருமிக்கொண்டிருந்தாள். அரை மணித்தியாலத்துக்குள் கண்கள் சொருகத் தொடங்கின.

வைத்தியசாலையில் வைத்தியர் மூன்று கேள்விகள் கேட்டார். என்ன குடித்தாள்? எவ்வளவு குடித்தாள்? எப்போது குடித்தாள்? கையில் இருந்த போத்தலில் ‘விற்றமின்’ என்று எழுதியிருந்தது. அதில் முன்பு எவ்வளவு எண்ணெய் இருந்தது என்பது எனக்கு நினைவில்லை. நேரத்தை நான் பார்க்கவே இல்லை. மகள் இரண்டு நாளில் நலமாக வீடு திரும்பினாள். ஆனால் அந்த மூன்று கேள்விகளுக்கும் பதிலில்லாமல் நின்ற நிலை வேறு எந்தத் தாய்க்கும் வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தக் கேள்விகளுக்கு உடனே பதில் சொல்லக்கூடிய நிலையில் உங்களை வைத்திருப்பதற்கானவை.

1. வீட்டில் என்னென்ன எண்ணெய் இருக்கிறது என்று எழுதுங்கள்

இதற்கு அரை மணித்தியாலம் போதும். சமையலறை, சாமியறை, குளியலறை, கட்டில் தலைமாடு, முற்றத்துக் கொட்டில் ஆகியவற்றோடு கைப்பைகளையும் பாருங்கள். பெரியவர்கள் விருந்தாக வரும்போது அவர்களுடைய பையில் தைலப் போத்தல் ஒன்று கட்டாயம் இருக்கும். அந்தப் பை தரையில்தான் வைக்கப்படும். ‘மூலிகைதானே, ஒன்றும் செய்யாது’ என்ற எண்ணத்தை இந்தப் படியிலேயே விட்டுவிட வேண்டும். இலையிலும் பட்டையிலும் துளியளவாகக் கிடக்கும் பொருளைக் காய்ச்சி வடித்துப் போத்தலில் அடைக்கும்போது அதன் செறிவு பல மடங்காகிறது. இலையைக் கொதிக்க வைத்து ஆவி பிடிப்பதும் அதன் எண்ணெயைக் குடிப்பதும் ஒன்றல்ல.

யூகலிப்டஸ் எண்ணெயைப் பட்டியலில் முதலாவதாக எழுதுங்கள். அதன் பெரும்பகுதி சினியோல் என்ற பொருள். சிறு பிள்ளைகளில் 2 அல்லது 3 மில்லிலீற்றரே மயக்கத்தைக் கொண்டுவரலாம். 5 மில்லிலீற்றரோ அதற்கு மேலோ உள்ளே சென்றால் மூளையின் செயற்பாடு கடுமையாகத் தாழ்ந்து, வலிப்பும் நினைவிழப்பும் ஏற்படலாம். இரண்டு வயதுப் பிள்ளை ஒரு மிடறில் விழுங்குவதே ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலீற்றர். ஆகவே ‘ஒரு மிடறுதான் குடித்தது’ என்பது ஆறுதல் தரும் செய்தி அல்ல. பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் அறிகுறிகள் தெரியும்; சில வேளைகளில் நான்கு மணித்தியாலம் வரை பிந்தியும் வரும்.

இரண்டாவது கற்பூரம். திருகோணமலையில் சாமித்தட்டில் கற்பூரம் இல்லாத சைவ வீடு அரிது. கட்டியாக இருப்பதால் அதை எண்ணெயோடு சேர்த்து நாம் நினைப்பதில்லை. ஆனால் தேங்காயெண்ணெயில் கற்பூரத்தைக் காய்ச்சி நெஞ்சில் பூசுவது நம்மிடையே தொன்றுதொட்ட வழக்கம். கற்பூரம் வலிப்பை வரவழைக்கும் நஞ்சு. விழுங்கிய சில நிமிடங்களிலேயே, வேறு எந்த முன்னறிவிப்பும் இன்றி, வலிப்பு வந்துவிடலாம். சிறு பிள்ளைக்கு ஒரு கிராம் அளவே உயிராபத்தாகக் கருதப்படுகிறது. கற்பூரம் 20 வீதம் கலந்த எண்ணெயை ஐக்கிய அமெரிக்காவில் 1980களின் தொடக்கத்திலேயே விற்பனையிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஆமணக்கெண்ணெய் என்று தவறாக நினைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்த சம்பவங்கள் அதற்கு ஒரு காரணம். போத்தல் மாறுவது நம் வீட்டில் மட்டும் நடக்கும் தவறு அல்ல.

வேப்பெண்ணெயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இது நம்மவர் பிள்ளைகளுக்குத் தெரிந்தே கொடுக்கும் எண்ணெய். பூச்சிக்கும் இருமலுக்கும் என்று கைக்குழந்தைகளின் வாயில் ஊற்றுவார்கள். 1981 இல் மலேசிய வைத்தியர்கள், வேப்பெண்ணெய் கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு வாந்தியும் அளவுமீறிய உறக்கமும் வலிப்பும் வந்து, மூளையும் ஈரலும் பாதிக்கப்பட்டதை மருத்துவ இதழில் பதிவு செய்தார்கள். கொடுத்தவர்கள் எவரும் கெட்ட எண்ணத்தோடு கொடுக்கவில்லை. இங்கே டெங்குக்குப் பயந்து, குறிப்பாக 2017 இல் கிண்ணியாவில் அது கடுமையாகப் பரவிய பிறகு, நுளம்பு விரட்ட வேப்பெண்ணெயை வாங்கி வைத்திருக்கும் வீடுகள் பல உண்டு. தோலில் பூசுவதற்கு வாங்கியது வாய்க்குள் போகாமல் பார்ப்பது நம் பொறுப்பு.

மூட்டு வலிக்கும் தசைப்பிடிப்புக்கும் தேய்க்கும் தைலங்களில் மீதைல் சலிசிலேற் என்ற பொருள் இருக்கிறதா என்று சிட்டையைப் பாருங்கள். வின்டர்கிறீன் எண்ணெய் என்று எழுதியிருந்தாலும் அதுவே. இதன் தூய வடிவத்தில் ஒரு தேக்கரண்டி, 300 மில்லிகிராம் அஸ்பிரின் குளிசைகள் இருபதுக்கும் மேற்பட்டவற்றுக்குச் சமம். பல்வலிக்கு வைத்திருக்கும் கராம்பு எண்ணெயும், கறுவா இலை எண்ணெயும் யூஜினோல் என்ற பொருள் நிறைந்தவை. அதிகமாக உள்ளே போனால் மயக்கத்தோடு நின்றுவிடாமல் ஈரலையும் பாதிக்கும், அந்தப் பாதிப்பு உடனே தெரியாமல் மறுநாள் அளவில்தான் இரத்தப் பரிசோதனையில் வெளிப்படும். நிலம் துடைக்கும் வாளியில் விடும் சிட்ரனெல்லா எண்ணெய், படகுக்கும் கதவுக்கும் வர்ணம் பூசும் இடங்களில் சோடாப் போத்தலில் ஊற்றி வைத்திருக்கும் டர்பன்டைன் ஆகியவற்றையும் எழுதுங்கள். டர்பன்டைன் பைன் மரப் பிசினிலிருந்து எடுக்கப்படுவது, நிறமற்றது, தண்ணீர் என்று நினைத்துக் குடிக்கக்கூடியது.

ஆமணக்கெண்ணெயைப் பற்றிப் பலருக்கும் குழப்பம் உண்டு. ரிசின் என்னும் கொடிய நஞ்சு விதையில்தான் இருக்கிறது. எண்ணெய் எடுத்தபின் அது பிண்ணாக்கோடு தங்கிவிடுகிறது. எனவே கடையில் விற்கும் எண்ணெய் ரிசின் நஞ்சு உடையதல்ல. ஆனால் குழந்தைக்குப் பேதிக்கு ஊற்றினால் நீரிழப்பு ஏற்படும், புரையேறினால் நுரையீரலுக்குள் போகும். வேலியோரம் நிற்கும் ஆமணக்கின் விதையையும் காட்டாமணக்கின் விதையையும் பிள்ளைகள் கடித்துச் சுவைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்; காட்டாமணக்கு விதை நிலக்கடலை போல ருசிப்பதால் கூட்டமாகச் சேர்ந்து தின்றுவிட்டு வாந்தியோடு வைத்தியசாலைக்கு வருவது இலங்கையிலும் நடப்பதுதான்.

நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் போன்றவை குடித்தால் நஞ்சல்ல. ஆயினும் பிறந்த பிள்ளையைக் குளிப்பாட்டும்போது மூக்கிலும் தொண்டையிலும் எண்ணெய் விடும் பழக்கத்தை நிறுத்துங்கள். அந்த எண்ணெய் நுரையீரலில் தங்கி, நாட்பட்ட அழற்சியை உண்டாக்கும். வீட்டில் மூத்தவர்களிடம் இதைச் சொல்வது எளிதல்ல என்பது எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை, எங்கள் பகுதி மருத்துவமாதுவை வீட்டுக்கு வரும்போது சொல்லச் செய்தேன். மாமி ஏற்றுக்கொண்டார்.

2. போத்தலை மாற்றாதீர்கள், அளவைக் குறியுங்கள், பூட்டுங்கள்

எண்ணெயை வாங்கிய போத்தலிலேயே வைத்திருங்கள். பாணிப் போத்தல், சோடாப் போத்தல், தண்ணீர்ப் போத்தல் ஆகியவற்றுக்கு ஒருபோதும் மாற்றாதீர்கள். சந்தையிலோ வைத்தியரிடமோ சிட்டை இல்லாமல் வாங்கியிருந்தால், வெள்ளைப் பிளாஸ்ரர் ஒட்டி, எண்ணெயின் பெயர், வாங்கிய இடம், திகதி, வாங்கிய அளவு ஆகிய நான்கையும் அழியாத பேனாவால் எழுதுங்கள். பிறகு, ஒவ்வொரு முறை பாவித்த பின்னும் எண்ணெய் நிற்கும் மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். இது கொஞ்சம் அதிகப்படியாகத் தோன்றலாம். ஆனால் ‘எவ்வளவு குடித்தாள்’ என்ற கேள்விக்கு இந்தக் கோடு ஒன்றே நேர்மையான பதிலைச் சொல்லும்.

உயரமான தட்டு மட்டும் போதாது. கதிரையை இழுத்து ஏறத் தெரிந்த வயது மூன்றுக்கு முன்பே வந்துவிடுகிறது. பூட்டக்கூடிய ஒரு பெட்டியோ அலுமாரியின் ஓர் இழுப்பறையோ வேண்டும். நான் சிறிய தகரப் பெட்டியும் பூட்டுமாக 2,000 ரூபாவுக்குள் முடித்தேன். சாமியறைக் கற்பூரமும் அந்தப் பெட்டிக்குள்தான். பூசை நேரத்தில் எடுத்து, முடிந்ததும் திரும்ப வைக்கிறோம்.

இந்தப் படியில் பலரும் விழும் பொறி, பாவித்துக்கொண்டிருக்கும் நேரம். பூட்டியிருக்கும் போத்தலால் விபத்து வருவதில்லை. பிள்ளைக்குத் தடிமன் என்று வெளியே எடுத்து, மூடியைத் திறந்து, பூசிவிட்டு, தொலைபேசி அழைப்புக்கு எழுந்து போகும் இரண்டு நிமிடத்தில்தான் வருகிறது. மூடியை இறுக்கி, பெட்டிக்குள் வைத்த பிறகே எழும்புங்கள்.

3. ஒரு பையைத் தயாராக வையுங்கள்

கதவுக்குப் பின்னால் தொங்கும் துணிப்பை ஒன்று போதும். பிள்ளையின் சுகாதார அபிவிருத்திப் பதிவேடு, அதாவது நாம் கிளினிக் கொப்பி என்று சொல்வது, அதற்குள் இருக்க வேண்டும். தடுப்பூசி விவரமும், மிக முக்கியமாகப் பிள்ளையின் கடைசி எடையும் அதில் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு மருந்தின் அளவைக் கிலோகிராம் கணக்கில்தான் தீர்மானிக்கிறார்கள். மருந்து ஒவ்வாமை ஏதும் இருந்தால் கொப்பியின் முன்னட்டையின் உட்பக்கத்தில் சிவப்பில் எழுதுங்கள். தாய் அல்லது தந்தையின் அடையாள அட்டைப் பிரதி, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, ஒரு மாற்றுடை, துவாய், தொலைபேசி மின்னேற்றி, கொஞ்சம் சில்லறையோடு 5,000 ரூபா ஆகியவற்றையும் நான் வைத்திருக்கிறேன்.

பையின் வெளிப்புறத்திலும் சுவரிலும் இரண்டு இலக்கங்களை எழுதுங்கள். ஒன்று 1990, சுவசெரிய அம்புலன்ஸ், கட்டணம் இல்லை. மற்றது 011 2686143, கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இயங்கும் தேசிய நஞ்சுத் தகவல் நிலையம். வைத்தியர்கள் மட்டுமன்றிப் பொதுமக்களும் அங்கே அழைத்து ஆலோசனை கேட்கலாம். ஆனால் பிள்ளை உறங்கி வழிந்தாலோ, மூச்சுத் திணறினாலோ, வலிப்பு வந்தாலோ ஆலோசனை கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம், முதலில் புறப்படுங்கள். அழைப்பை வழியில் எடுக்கலாம்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு: அம்புலன்ஸில் வருபவருக்கு உங்கள் ஒழுங்கையை எப்படிச் சொல்வீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். நாங்கள் உப்புவெளியில் வீடெடுத்து நான்கு மாதமாகியும் எனக்கு ஒழுங்கையின் பெயர் தெரிந்திருக்கவில்லை. அருகில் உள்ள கோயில், பாடசாலை, பிரதான வீதியிலிருந்து எந்தப் பக்கம் திரும்புவது என்று எழுதியிருந்தால், பதற்றத்தில் அதை வாசித்தாலே போதும்.

4. குடித்துவிட்டது தெரிந்த முதல் ஐந்து நிமிடம்

மணிக்கூட்டைப் பாருங்கள். நேரத்தைக் கையிலோ தொலைபேசியிலோ குறியுங்கள். போத்தலை நிமிர்த்தி மூடி எடுத்துப் பைக்குள் போடுங்கள். வாயில் எஞ்சியிருக்கும் எண்ணெயை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். உடுப்பில் ஊற்றியிருந்தால் அதைக் கழற்றி, தோலைச் சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள்; கழற்றிய உடுப்பை எறியாமல் ஒரு பொலித்தீன் பையில் கொண்டுபோனால், எவ்வளவு வெளியே கொட்டியது என்பதை வைத்தியர் ஊகிக்க முடியும். கண்ணில் பட்டிருந்தால் ஓடும் தண்ணீரில் கால் மணித்தியாலம் கழுவ வேண்டும்.

இனி, செய்யக்கூடாதவை. இவற்றைத்தான் நான் செய்தேன், அல்லது செய்யும்படி எனக்குச் சொல்லப்பட்டது.

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். விரலை விடவும் வேண்டாம், உப்புத் தண்ணீர் கொடுக்கவும் வேண்டாம். இந்த எண்ணெய்கள் மெல்லியவை. வாந்தியோடு மேலே வரும்போது மூச்சுக்குழாய்க்குள் எளிதாக வழிந்து நுரையீரலைப் புண்ணாக்கும். வயிற்றுக்குள் இருப்பதைவிட அது பெரிய ஆபத்து. மண்ணெண்ணெய் குடித்த பிள்ளைக்கும் இதே விதிதான். உப்புத் தண்ணீர் சிறு பிள்ளையின் இரத்தத்தில் உப்பின் அளவை அபாயகரமாக உயர்த்தவும் கூடும். எங்கள் வீட்டுக்கு அருகிலிருந்த ஒரு மருந்துக் கடையில் அன்று எனக்குக் கிடைத்த ஆலோசனை, உப்புக் கரைத்துக் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க வேண்டும் என்பதே. நான் வீட்டுக்குத் திரும்பி ஓடி, உப்புக் கரைத்து, மகள் குடிக்க மறுத்து, மறுபடி முயன்று, இப்படியே இருபது நிமிடம் போனது. அவள் குடிக்க மறுத்ததற்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

பால், இளநீர், தேசிக்காய்த் தண்ணீர், முட்டை வெள்ளை ஆகியவற்றையும் கொடுக்காதீர்கள். பாலின் கொழுப்பு கற்பூரம் போன்றவை உடலில் சேர்வதைக் கூட்டக்கூடும். உறங்கி வழியும் பிள்ளைக்கு எதைக் கொடுத்தாலும் புரையேறும்.

வலிப்பு வந்தால் பிள்ளையை இடப்பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள், கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள், வலிப்பு எவ்வளவு நேரம் நீடித்தது என்று பாருங்கள். கையில் இரும்புச் சாவி கொடுப்பதாலும், பற்களுக்கிடையில் கரண்டி செருகுவதாலும் வலிப்பு நிற்காது. பல் உடையும், மூச்சு அடைபடும். சுற்றி நிற்பவர்கள் சாவியை நீட்டும்போது மறுத்துச் சொல்லத் துணிவு வேண்டும். விழித்திருக்கும் பிள்ளையானால் மடியில் நிமிர்த்தி இருத்திக்கொள்ளுங்கள்.

‘நன்றாகத்தானே விளையாடுகிறாள், கொஞ்சம் பார்ப்போம்’ என்று காத்திருப்பதும் ஒரு பொறிதான். குடித்தது உறுதியாகத் தெரிந்தால், அறிகுறி இல்லாவிட்டாலும் போக வேண்டும்.

5. எங்கே போவது, எதில் போவது

நகரத்திலும் உப்புவெளிப் பக்கத்திலும் இருப்பவர்கள் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு நேரே போகலாம். கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆகிய இடங்களில் ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன. நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டைப் பக்கத்தவர்களும், ஈச்சிலம்பற்று, சம்பூர்ப் பக்கத்தவர்களும் அருகில் உள்ள அரச வைத்தியசாலையைத் தாண்டிக்கொண்டு நகரத்துக்கு ஓடக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து. மயக்கமடையும் பிள்ளைக்கு வழியில் மூச்சு நின்றால் முச்சக்கர வண்டியில் எவராலும் ஒன்றும் செய்ய முடியாது. அருகில் உள்ள இடத்தில் ஒட்சிசன் கொடுத்து, வலிப்பைக் கட்டுப்படுத்தி, தேவையானால் அவர்களே அம்புலன்ஸில் மேலே அனுப்புவார்கள். அந்த அம்புலன்ஸில் ஒரு தாதியும் கூட வருவார்.

பிள்ளைக்கு அறிகுறி தொடங்கிவிட்டால் 1990 ஐ அழைப்பதே முதல் தெரிவு. அம்புலன்ஸ் வரப் பிந்தும் என்று தெரிந்தால், அல்லது வீடு வைத்தியசாலைக்கு மிக அருகில் என்றால், முச்சக்கர வண்டியில் புறப்படுங்கள். ஓட்டுபவரைத் தவிர இன்னொருவர் கட்டாயம் பின்னால் இருந்து பிள்ளையின் மூச்சைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். மோட்டார் சைக்கிளில் இருவருக்கு நடுவில் பிள்ளையை வைத்துக்கொண்டு போகாதீர்கள்; சாய்ந்து விழும் பிள்ளையின் கழுத்து மடிந்து மூச்சு அடைபடும்.

வாசலில் வெளிநோயாளர் பிரிவின் வரிசையில் நிற்க வேண்டாம். அவசர சிகிச்சைப் பிரிவு எங்கே என்று கேட்டு, ‘பிள்ளை நஞ்சு குடித்துவிட்டது’ என்று அந்தச் சொல்லையே சொல்லுங்கள். நான் ‘எண்ணெய் குடித்துவிட்டாள்’ என்று சொன்னேன். காவலாளி தேங்காயெண்ணெய் என்று நினைத்து வரிசையைக் காட்டினார். அவர் மீது பிழையில்லை. வார இறுதியில் ஒரு நாள், பதற்றம் இல்லாத நேரத்தில், அந்த வாசல் எங்கே இருக்கிறது என்று போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

6. வைத்தியசாலையில் என்ன நடக்கும், எவ்வளவு நேரம்

முதலில் விரலில் கருவி பொருத்தி ஒட்சிசன் அளவைப் பார்ப்பார்கள். நாடித்துடிப்பு, இரத்தச் சீனி, விழிப்பு நிலை ஆகியவற்றைக் குறிப்பார்கள். இருமல் இருந்தால் நெஞ்சு எக்ஸ்றே எடுப்பார்கள். ‘ஏன் இன்னும் வயிற்றைக் கழுவவில்லை’ என்று உறவினர்கள் கேட்டு வாதாடுவதை நான் விடுதியில் கண்டேன். இந்த எண்ணெய்களுக்கு வயிற்றைக் கழுவுவதால் நன்மையைவிட நுரையீரலுக்குள் போகும் ஆபத்தே அதிகம் என்பதால், பெரும்பாலும் கழுவ மாட்டார்கள். யூகலிப்டஸ் எண்ணெய்க்கு முறிவு மருந்து என்று தனியாக ஒன்றும் இல்லை; மூச்சையும் விழிப்பையும் காத்துக்கொண்டு உடல் அதை வெளியேற்றும் வரை பார்த்துக்கொள்வதே சிகிச்சை. கராம்பு எண்ணெய்க்கு, ஈரலைக் காப்பாற்ற, பரசிற்றமோல் அளவுமீறிய போது கொடுக்கும் அசிற்றைல்சிஸ்ரீன் மருந்தைக் கொடுப்பதுண்டு. எண்ணெயின் பெயரைச் சரியாகச் சொல்வதன் அவசியம் இங்கேதான் விளங்கும்.

அறிகுறி எதுவும் இல்லாத பிள்ளையையும் சில மணித்தியாலம் கண்காணிப்பில் வைத்திருப்பார்கள். அவசரப்பட்டுக் கையெழுத்திட்டு அழைத்துக்கொண்டு வராதீர்கள். நுரையீரல் அழற்சியின் காய்ச்சலும் வேகமான மூச்சும் ஒரு நாள் கழித்தும் தலைகாட்டலாம்.

வைத்தியசாலைப் பொலிஸ் பதிவுக்காகவோ சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கைக்காகவோ நடந்ததைக் கேட்கக்கூடும். நஞ்சு உட்கொண்ட சம்பவங்களில் இது வழமையான நடைமுறை. பயந்து நேரத்தையும் அளவையும் மாற்றிச் சொல்லாதீர்கள். என் கணவர் ‘இப்போதுதான் குடித்தாள்’ என்று சொன்னார். என்னைக் காப்பாற்றும் எண்ணத்தில் சொன்னது. உண்மையில் ஒரு மணித்தியாலம் கடந்திருந்தது. மயக்கம் இனிமேல்தான் கூடுமா, குறையத் தொடங்கிவிட்டதா என்பதை வைத்தியர் அந்த நேரத்தை வைத்தே தீர்மானிக்கிறார் என்று தெரிந்ததும், தனியே போய்த் திருத்திச் சொன்னேன். எவரும் என்னைத் திட்டவில்லை.

7. செலவு

அரச வைத்தியசாலையில் சிகிச்சை, விடுதி, எக்ஸ்றே, இரத்தப் பரிசோதனை எல்லாம் இலவசம். எங்களுக்கு ஏற்பட்ட செலவு முச்சக்கர வண்டி, இரண்டு நாள் சாப்பாடு, வெளியே வாங்கிவரச் சொன்ன ஒரு மருந்து ஆகியவை மட்டுமே. 5,000 ரூபாவில் மீதியும் இருந்தது. வெளியே வாங்கிய மருந்தின் துண்டையும் பற்றுச்சீட்டையும் வைத்திருங்கள். அரச ஊழியர்கள் தங்களுக்கென உள்ள ‘அக்கிரகார’ என்ற காப்புறுதித் திட்டத்தில் கோர முடியும். கோரிக்கைக்குக் காலக்கெடு இருப்பதால் வீட்டுக்கு வந்த வாரமே உங்கள் அலுவலகத்தில் படிவத்தைக் கேளுங்கள். தனியார் இடத்துக்கு முதலில் போய்ப் பணம் கட்டி, பிறகு அங்கிருந்து அரச வைத்தியசாலைக்கே அனுப்பப்படுவதில் பணத்தோடு நேரமும் போகும்.

8. விடுதியை விட்டு வரும்போது

நோய் நிர்ணய அட்டையை, அதாவது எல்லாரும் டயக்னோசிஸ் காட் என்று கேட்பதை, வாங்காமல் வராதீர்கள். அதில் எண்ணெயின் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள். எங்களுடையதில் முதலில் ‘எண்ணெய்’ என்று மட்டுமே இருந்தது. கேட்டதும் தாதி வைத்தியரிடம் கொண்டுபோய்த் திருத்தித் தந்தார். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள். மீண்டும் காட்ட வேண்டிய திகதி, விடுமுறைக்கான மருத்துவச் சான்றிதழ் ஆகியவற்றையும் அப்போதே கேளுங்கள். பிறகு போனால் அரை நாள் செலவாகும்.

அடுத்த இரண்டு நாளுக்குக் காய்ச்சல், இருமல், மூச்சுவாங்கல், விலா எலும்புக்கிடையில் தோல் உள்ளிழுப்பது, அளவுமீறிய உறக்கம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அட்டையோடு திரும்பிப் போங்கள்.

தடிமனுக்குப் பூசுவதை மறுபடி தொடங்கலாமா என்று விடுதி வைத்தியரிடம் கேட்டேன். இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கற்பூரமோ மென்தோலோ உள்ள எதையும் பூச வேண்டாம், எந்த வயதிலும் மூக்குக்குக் கீழேயும் முகத்திலும் பூச வேண்டாம், காயத்திலும் புண்ணிலும் பூச வேண்டாம் என்றார். மூக்கடைப்புக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டும், குடிக்க இளஞ்சூட்டு நீரும் போதும்.

9. சிட்டையில்லாத எண்ணெய் விற்பவரைப் பற்றி

என் மாமி வாங்கிய போத்தலில் பெயரும் இல்லை, அளவும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. அப்படிப்பட்டதை வாங்க நேர்ந்தால், உங்கள் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லலாம். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்திலும் முறையிடலாம். போத்தல், பற்றுச்சீட்டு, வாங்கிய திகதி ஆகிய மூன்றும் வேண்டும். பற்றுச்சீட்டு இல்லாமல் முறைப்பாடு நகராது. எங்களிடம் அது இருக்கவில்லை. இப்போது பத்து மில்லிலீற்றர் வாங்கினாலும் பற்றுச்சீட்டுக் கேட்கிறேன், அதைப் போத்தலைச் சுற்றி இறப்பர் வளையத்தால் கட்டிப் பெட்டிக்குள் வைக்கிறேன்.